ஜியோ வந்தபோது ஏர்டெல் முன் இருந்த நான்கு வழிகள்

2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ சேவையைத் தொடங்கியது. பேசுவதற்குக் காசு கிடையாது. டேட்டா அந்த ஆண்டு இறுதிவரை இலவசம். பிறகு அந்தச் சலுகை பெயர் மாறி 2017 மார்ச் 31 வரை நீண்டது. 170 நாட்களில் பத்துக் கோடிப் பேர் அந்த சிம்மை வாங்கியிருந்தார்கள். அப்போது வாடிக்கையாளர் எண்ணிக்கையில் நாட்டின் முதல் நிறுவனமாக இருந்தது பாரதி ஏர்டெல்.

இன்றைய நிலையில் இருந்து பார்த்தால் ஏர்டெல் தப்பித்ததும் வோடஃபோன் ஐடியா தேய்ந்ததும் எழுதிவைத்த விதி போலத் தெரியும். அன்றைக்கு நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர்களால் செய்ய முடிந்தவை நான்கு: வருகிறவரைத் தடுப்பது, விற்றுவிட்டுப் போவது, இன்னொரு பெரிய நிறுவனத்தோடு சேர்வது, அடியை வாங்கிக்கொண்டு களத்தில் நிற்பது. இந்தியச் சந்தையில் இந்த நான்கையும் யாரோ ஒருவர் உண்மையாகவே செய்து பார்த்துவிட்டார்கள். ஒரே கேள்விக்கு எழுதப்பட்ட நான்கு விடைத்தாள்கள் கையில் இருக்கும்போது ஊகத்துக்கு அதிகம் வேலை இல்லை. திருத்திப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன், ஏர்டெலை எவையெல்லாம் நெருக்கிக்கொண்டிருந்தன என்று தெரிய வேண்டும். ஜியோ மட்டுமே காரணம் என்று சொல்வது எளிது. அது பாதி உண்மைதான்.

முதல் நெருக்கடி அரசு. அலைக்கற்றையை விற்பவர் நாட்டில் ஒருவர்தான். ஏலத்தின் அடிப்படை விலையை முடிவு செய்வதும் மத்திய அரசு, வருவாயில் பங்கு கேட்பதும் அதுவே, வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பில் நிற்பதும் அதுவே. 2015 மார்ச் ஏலத்தில் மட்டும் அரசுக்கு ஏறக்குறைய 1.10 லட்சம் கோடி ரூபாய் உறுதியானது. அவ்வளவு பணமும் புதிதாக எதையும் பெறுவதற்காகக் கொட்டப்படவில்லை. உரிமக் காலம் முடியப்போகும் வட்டங்களில் (உரிமத்துக்காக நாட்டைப் பிரித்துவைத்த, ஏறக்குறைய மாநில அளவிலான பகுதிகள்) ஏற்கெனவே கையில் இருந்த அலைக்கற்றையைக் காப்பாற்றிக்கொள்ளவே நிறுவனங்கள் பெருமளவு செலவிட்டன. ஜியோ வந்த அடுத்த மாதமே, 2016 அக்டோபரில், இன்னொரு ஏலம். ஏர்டெல் அதில் சுமார் 14,000 கோடியும் வோடஃபோன் சுமார் 20,000 கோடியும் எழுதிக்கொடுத்தன. வீட்டு வாசலில் எதிரி நிற்கும்போதுதான் இந்தச் செலவு.

அடுத்தது வாடிக்கையாளர். பெரும்பாலோர் முன்கூட்டிப் பணம் கட்டி ரீசார்ஜ் செய்பவர்கள். ஒப்பந்தம் எதுவும் அவர்களைக் கட்டிப்போடுவதில்லை. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் வந்துவிட்டது. இரண்டு சிம் போடும் கைபேசிகள் பரவியதும், விலக வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று. பழைய சிம்மை அழைப்பு வாங்க வைத்துக்கொண்டு, செலவை எல்லாம் புது சிம்மில் செய்யலாம். நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளர் இருப்பார், பணம் மட்டும் வராது.

வாட்ஸ்அப் குறுஞ்செய்தி வருமானத்தை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. அடுத்து அழைப்புகளைக் கொறிக்கத் தொடங்கியிருந்தது. 2010இல் ஸயின் நிறுவனத்திடமிருந்து 1,070 கோடி டாலருக்கு வாங்கிய ஆப்பிரிக்க வணிகத்தின் கடன் வேறு ஏர்டெலின் தலையில் இருந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. 2004 முதல் ஏர்டெல் தன் வலையமைப்புப் பணிகளை எரிக்சன், நோக்கியா போன்றவர்களிடமும் கணினிப் பணிகளை ஐபிஎம்மிடமும் ஒப்படைத்து, ஒரு நிமிடப் பேச்சின் அடக்கச் செலவை மிகவும் கீழே கொண்டுவந்திருந்தது. மலிவான நிமிடங்களை உற்பத்தி செய்வதில் உலக நிறுவனங்களுக்கே அது பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஜியோ வந்து நிமிடத்துக்கு விலையே இல்லை என்று அறிவித்தது. ஜியோவிடம் 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது, முழுக்க 4ஜி. அதில் குரலும் ஒரு டேட்டாதான், அதுவும் மிகச் சிறிய டேட்டா. பத்தாண்டுக் காலம் கூர்தீட்டிய திறமை, விலை பூஜ்யமான ஒரு சரக்கின் மீது போய் நின்றது.

ஜியோவுக்குப் பின்னால் இருந்த பணத்தையும் குறைத்து மதிப்பிட முடியாது. 2010இல் அகண்ட அலைவரிசை ஏலத்தில் 22 வட்டங்களிலும் வென்ற இன்ஃபோடெல் நிறுவனத்தை ரிலையன்ஸ் அப்போதே 4,800 கோடிக்கு வாங்கிப்போட்டது. டேட்டாவுக்கு மட்டும் என்று வாங்கிய அந்த அலைக்கற்றையில் 2013இல் கூடுதலாக 1,658 கோடி கட்டி, பேசும் உரிமையையும் பெற்றது. சுத்திகரிப்பு ஆலைகளின் லாபம் ஆறு ஆண்டுகள் வருமானமே இல்லாத ஒரு தொழிலைத் தாங்கியது. அலைக்கற்றையும் கோபுரங்களும் விலை அதிகம், ஆகவே புதிதாக யாரும் வர மாட்டார்கள் என்று பழைய நிறுவனங்கள் நம்பியிருந்த மதில் இப்படித்தான் தாண்டப்பட்டது.

தடுப்பது

முதலில் எல்லோரும் செய்தது இதுதான். ஜியோ வாடிக்கையாளர் ஏர்டெல் எண்ணை அழைக்க வேண்டுமானால் இரு வலையமைப்புகளுக்கும் இடையே இணைப்புப் புள்ளிகள் வேண்டும். அவற்றைப் போதுமான அளவு தரவில்லை என்று ஜியோ புகார் செய்தது. 2016 அக்டோபரில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி அபராதம் விதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. இலவசச் சலுகை சந்தையைக் கெடுக்கும் விலைக்குறைப்பு என்று ஏர்டெல் போட்டி ஆணையத்திடம் போனது. 2017 ஜூனில் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது: புதிதாக நுழைந்தவருக்குச் சந்தையில் ஆதிக்க நிலை கிடையாது, ஆதிக்கம் இல்லாதவர் இலவசமாகக் கொடுத்தால் அது முறைகேடு ஆகாது.

அடுத்து வந்தது இன்னும் பெரிய அடி. வெளி நிறுவனத்தின் அழைப்பைத் தன் வாடிக்கையாளரிடம் சேர்ப்பதற்கு நிமிடத்துக்கு 14 பைசா கிடைத்துக்கொண்டிருந்தது. 2017 அக்டோபரில் டிராய் அதை 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரியில் அது பூஜ்யம் ஆயிற்று. அதிக வாடிக்கையாளர்கள் இருப்பதால் தானாக வந்துகொண்டிருந்த வருமானம் அது.

இந்த வழிக்கு என் மதிப்பெண் மிகக் குறைவு. ஒழுங்குமுறை வழக்குகளால் சில மாதங்கள் கிடைக்கும். அந்த மாதங்களில் வேறு என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் அவற்றுக்கு மதிப்பு.

விற்றுவிட்டுப் போவது

இதில் காலம்தான் எல்லாம். நார்வேயின் டெலினார் 2017 தொடக்கத்திலேயே தன் இந்தியச் சேவையை ஏர்டெலிடம் கொடுக்க முடிவு செய்தது. ஏர்டெல் பெரும்பணம் எதுவும் தரவில்லை, மீதமிருந்த அலைக்கற்றைத் தவணைகளை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் டாடா குழுமம் தன் கைபேசி வணிகத்தை, கடன்களைத் தானே வைத்துக்கொண்டு, ஏறக்குறைய சும்மா கொடுத்தது. பல கோடி வாடிக்கையாளர்களும் அலைக்கற்றையும் ஏர்டெல் பக்கம் வந்தன. கொடுத்தவர்களுக்கு இது நஷ்டமாகத் தோன்றலாம். ஆனால் நாள்தோறும் இரத்தம் வடியும் ஒரு தொழிலில் இருந்து கௌரவமாக வெளியேறினார்கள். வாடிக்கையாளர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை.

தாமதித்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாடு நேரிலேயே பார்த்தது. 1999இல் இங்கே பிறந்து, இங்கே முதலிடம்வரை வளர்ந்த ஏர்செல், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்துவிடலாம் என்று ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது. 2017 அக்டோபரில் அந்த ஏற்பாடு முறிந்தது. 2018 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க சிக்னல் போயிற்று. வங்கிக் கணக்கும் எரிவாயுப் பதிவும் ஆதாரும் அந்த எண்ணோடு பிணைந்திருந்தவர்கள், நிறுவனம் மாறுவதற்கான குறியீட்டு எண்கூட வராமல் கடை வாசல்களில் வரிசையில் நின்றார்கள். அந்த மாதக் கடைசியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. ஏர்டெலுக்கோ, 2016இல் விற்க நினைத்திருந்தாலும் வாங்க ஆள் இருந்திருக்காது. வாங்கும் வலு உள்ள ஒரே நிறுவனம் அதை அழிக்க வந்த நிறுவனமாக இருந்தது.

சேர்வது

காகிதத்தில் மிக அழகாக இருந்தது இந்த வழிதான். இதன்மீது சற்று நேரம் செலவிட வேண்டும். 2017இல் இருந்த எந்த ஆலோசகரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

வோடஃபோன் பெருநகரங்களில் வலுவாக இருந்தது, ஐடியா சிற்றூர்களில். ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும். இரண்டும் சேர்ந்தால் நாற்பது கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள், முதலிடம் உறுதி. ஒரே ஊரில் இரண்டு கோபுரங்களுக்கு வாடகை கட்டுவது, இரண்டு கிளைகள், இரண்டு விளம்பரம் எல்லாம் பாதியாகும். ஆண்டுக்கு 14,000 கோடி மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். 2017 மார்ச்சில் அறிவித்தார்கள்.

இணைப்பு நிறைவேறியது 2018 ஆகஸ்ட் 31இல். அனுமதிகள், நிலுவைகள், உத்தரவாதங்கள் என்று பதினேழு மாதங்கள் போயின. ஜியோ 1,500 ரூபாய் வைப்புத் தொகைக்குக் கைபேசி கொடுத்து, சிற்றூர்களுக்குள் இறங்கியது இந்தக் காலத்தில்தான். சேர்ந்த பிறகும் கோபுரங்களைப் பிரித்து அடுக்கும் வேலை இரண்டாண்டு ஓடியது. ‘வி’ என்ற ஒற்றைப் பெயர் வர 2020 செப்டம்பர் ஆயிற்று. எதிரி வேகமாக ஓடும்போது வீட்டைப் பிரித்துக் கட்டுவது என்பது இதுதான். செலவைக் குறைப்பதில் அவர்கள் தோற்கவில்லை, குறைத்தே காட்டினார்கள். அந்தக் காலத்தில் போயிருக்க வேண்டிய 4ஜி முதலீடும் நிர்வாகத்தின் கவனமும் இணைப்புக்குப் போய்விட்டன.

இரண்டு நிறுவனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு 2019 கோடையில் அமைந்தது. வோடஃபோன் ஐடியாவும் ஏர்டெலும் ஏறக்குறைய ஒரே பருவத்தில், இருக்கும் பங்குதாரர்களிடமே 25,000 கோடி திரட்டின. தொகை இரண்டுக்கும் ஒன்றே. வோடஃபோன் ஐடியாவின் பங்கு விலை 12 ரூபாய் 50 காசு, ஏர்டெலின் பங்கு 220 ரூபாய். முன்னதில் பெரும்பகுதியை உரிமையாளர்கள் இருவருமே போட்டார்கள். பின்னதில் சிங்கப்பூரின் சிங்டெல் போட்டது, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமும் உள்ளே வந்தது. அந்த ஜூனிலேயே ஏர்டெல் தன் ஆப்பிரிக்க வணிகத்தை லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. கழுத்தில் கட்டிய கல் என்று பத்தாண்டு ஏசப்பட்ட அந்த முதலீடு, பணம் மிக வேண்டிய நேரத்தில் பணமாயிற்று. இதைத் தொலைநோக்கு என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. பாதி அதிர்ஷ்டம்.

பிறகு 2019 அக்டோபர் 24. உரிமக் கட்டணத்தை எந்த வருவாயின் மீது கணக்கிடுவது என்ற நெடுங்கால வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. தொலைத்தொடர்பு அல்லாத வருமானமும் கணக்கில் சேரும். பழைய பாக்கி வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டியோடு. அந்தக் காலாண்டில் ஏர்டெலின் நஷ்டம் 23,045 கோடி, வோடஃபோன் ஐடியாவின் நஷ்டம் 50,921 கோடி. இந்திய நிறுவனம் எதுவும் அதுவரை ஒரே காலாண்டில் அவ்வளவு இழந்ததில்லை.

அடி இருவருக்கும் விழுந்தது. அடுத்த மூன்று மாதங்களில்தான் கதை பிரிந்தது. 2020 ஜனவரியில் ஏர்டெல் வெளி முதலீட்டாளர்களிடம் 300 கோடி டாலர் திரட்டியது. வோடஃபோன் ஐடியாவில் பிரிட்டன் உரிமையாளர் இனிப் பணம் போடுவதாக இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அரசு உதவாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று இந்திய உரிமையாளர் குமார் மங்கலம் பிர்லா 2019 டிசம்பரில் பொதுமேடையில் சொன்னார். இரண்டு உரிமையாளர் இருக்கும் வீட்டில், முதலில் பைக்குள் கை விடப்போவது யார் என்று இருவரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பார்கள். இணைப்பு ஒப்பந்தங்களில் எழுதப்படாத பலவீனம் இது. அந்த நிறுவனம் சந்தையில் அடுத்த பெரிய தொகையைத் திரட்டியது 2024 ஏப்ரலில், 18,000 கோடி. அதற்குள் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய பாதியாகக் கரைந்திருந்தார்கள்.

அடி வாங்கி நிற்பது

ஏர்டெல் செய்ததை ஒரே முடிவு என்று சொல்ல முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று காரியங்கள். முதல் இரண்டாண்டு, ஜியோவின் விலையோடு ஒட்டியே இறங்கியது. ஒரு வாடிக்கையாளரிடம் மாதம் கிடைக்கும் சராசரி வருவாய், ஜியோ வருமுன் 190 ரூபாயை ஒட்டியிருந்தது, 2018 செப்டம்பர் காலாண்டில் நூறு ரூபாயை ஒட்டி வந்தது. அந்த வலியிலும் டெலினார், டாடா, டிகோனா என்று விழுந்தவர்களின் அலைக்கற்றையைச் சேர்த்துக்கொண்டது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி, கோபுர நிறுவனத்தில் வைத்திருந்த பங்குகளை விற்று வந்தது.

மூன்றாவது காரியம்தான் என்னைக் கவர்ந்தது. 2018 கடைசியில் ஏர்டெல், சிம்மை உயிரோடு வைத்திருக்கவே 35 ரூபாய் ரீசார்ஜ் வேண்டும் என்று விதித்தது. பல கோடி இணைப்புகள் ஒரே காலாண்டில் கழன்றுபோயின. வாடிக்கையாளர் எண்ணிக்கையை வைத்தே வெற்றி தோல்வி பேசும் ஒரு தொழிலில், போகிறவர்கள் போகட்டும் என்று விடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். பணம் தராத எண்ணிக்கைக்காக வலையமைப்பைச் சுமப்பதில்லை, தருகிறவருக்கு நல்ல 4ஜி கொடுப்போம் என்ற கணக்கு அது. அந்த 35, 2021இல் 79 ஆகி, அதே ஆண்டில் 99 ஆகி, பிறகு 155, 2024 ஜூலையில் 199 என்று ஏறியது. சராசரி வருவாய் 2024 டிசம்பர் காலாண்டில் 245 ரூபாய். ஜியோவுக்கு அதே காலாண்டில் 203.

2022 ஏலத்திலும் இதே புத்தி வேலை செய்தது. ஜியோ 88,000 கோடிக்கு மேல் கொடுத்து, 700 மெகாஹெர்ட்ஸ் உட்பட வாங்கியது. ஏர்டெல் அந்த அலைவரிசையைத் தொடாமல், இருக்கும் 4ஜி வலையமைப்பின் மேலேயே 5ஜியை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி, 43,000 கோடியோடு நிறுத்திக்கொண்டது.

ஆனாலும் நான்காவது வழிக்கு முழு மதிப்பெண் போட என்னால் முடியாது. அது வென்றதற்கு ஏர்டெலின் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. மற்றவர்கள் விழ வேண்டியிருந்தது. ஜியோவும் ஒருநாள் விலையை ஏற்ற விரும்ப வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் மூவரும் சில நாள் இடைவெளியில் ஏற்றினார்கள். 2021 செப்டம்பரில் மத்திய அரசு தவணைகளுக்கு நான்காண்டு அவகாசம் கொடுத்து, தொலைத்தொடர்பு அல்லாத வருமானத்தை இனி கணக்கில் சேர்ப்பதில்லை என்று விதியையே மாற்ற வேண்டியிருந்தது. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் இதே உத்தியைப் பிடிவாதம் என்று எழுதியிருப்போம்.

பங்குதாரருக்கு நல்லதாக முடிந்தது வாடிக்கையாளருக்கும் நல்லதா என்பது வேறு விஷயம். மகனின் அழைப்புக்காக மட்டும் பொத்தான் கைபேசி வைத்திருக்கும் ஒரு பாட்டி, பத்து ரூபாய் போட்டு மாதக்கணக்கில் ஓட்டிய காலம் போய், 2024 ஜூலைக்குப் பின் 28 நாளுக்கு 199 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. அதில் அவர் தொடவே தொடாத டேட்டாவும் சேர்ந்து வந்தது. பேசுவதற்கு மட்டுமான திட்டங்களும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட நேர்ந்ததே, போட்டி எந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது.

பிஎஸ்என்எல் இந்த ஒப்பீட்டில் சேராது. 2019, 2022, 2023 என்று மூன்று மீட்புத் திட்டங்கள் வந்தன. சொந்த நாட்டுத் தொழில்நுட்பத்தில் அதன் 4ஜி முறையாகத் தொடங்கியது 2025 செப்டம்பரில். முடிவெடுக்காமல் இருப்பதற்கான செலவை அரசு கட்டினால், முடிவெடுக்காமலேயே இருக்கலாம்.

என்னைக் கேட்டால், 2016இல் ஏர்டெலுக்கு நான்காவது வழிதான் சரி. ஆனால் அதற்குக் கடனாக இல்லாமல், பங்காக வரும் பணம் கதவருகே காத்திருக்க வேண்டும். அது இல்லாத நிறுவனத்துக்கு இரண்டாவது வழி, அதுவும் முதல் ஆண்டிலேயே. மூன்றாவது வழியைப் பணம் உள்ள ஒருவர் பணம் இல்லாத ஒருவரை விழுங்குவதாக மட்டுமே ஏற்பேன். களைத்த இருவர் கைகோத்தால் களைப்பு இரட்டிக்கும்.

வோடஃபோன் ஐடியா முன் இன்று இதே நான்கும் மறுபடி நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் பாதி தேய்ந்த நிலையில். வாங்க ஆள் இல்லை. சேர்வதற்கு மிச்சமிருப்பது பிஎஸ்என்எல் மட்டும். நன்றாகப் பணம் கட்டும் வாடிக்கையாளர்களை மற்ற இருவரும் முன்பே பொறுக்கிக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் 2021, 2024, 2025 என்று மூன்று முறை கதவு சாத்தப்பட்டு, 2025 அக்டோபரில் உரிமக் கட்டண நிலுவையை அரசே மறுபரிசீலனை செய்யலாம் என்ற அளவுக்குத் திறந்தது. அந்த அரசுதான் நிலுவையைப் பங்காக மாற்றி 2023இல் 33 விழுக்காட்டையும், 2025 ஏப்ரலில் மேலும் வாங்கி மொத்தம் 49 விழுக்காட்டையும் எடுத்துக்கொண்டு நிற்கிறது. 51ஐத் தொட்டால் அது அரசு நிறுவனம் ஆகிவிடும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அலைக்கற்றையை விற்பவரும், பாக்கியைக் கேட்பவரும், மிகப் பெரிய பங்குதாரரும் ஒருவரே என்றான பின், அந்த நிறுவனம் எந்த வழியில் போவது என்பதை அதன் இயக்குநர் குழு முடிவு செய்யப்போவதில்லை. டெல்லியில்தான் முடிவாகும்.